பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன்

அப்பாவின் நடை போனதற்கு நிமோனியாதான் காரணம் என்று உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். எழுபத்தெட்டு வயது, நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார், எழுந்தபோது காலில் பலம் இல்லை, அவ்வளவுதான் என்று. யாரும் மறுகேள்வி கேட்டதில்லை. வயசாளி படுத்து எழுந்தால் நடை தளரத்தானே செய்யும் என்று கேட்பவர்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள். ஆனால் நுரையீரலை டாக்டர்கள் சரியாக்கித்தான் அனுப்பினார்கள். காலைக் கெடுத்தவன் நான். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சொன்னார்கள், நான் கேட்கவில்லை.

அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் கணக்குப்பிள்ளையாக வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தார். ஜூ டவுனில் 1957இல் தொடங்கிய மிளகு வியாபாரிகள் சங்கத்தின் ஏலக்கூடத்தில் ஆளாளுக்குக் கத்தி விலை சொன்ன காலத்தை எல்லாம் பார்த்தவர். கிடங்குக்குள் மிளகும் சுக்கும் தரையில் பரத்திக் கிடக்கும். செருப்போடு உள்ளே போக முடியாது. பகல் முழுவதும் வெறுங்கால்தான். சாயங்காலம் ஜெட்டிக்கு நடந்து, எறணாகுளம் போட் கரையைத் தொடுவதற்கு முன்பே பலகையில் கால் வைத்துத் தாவி ஏறுவார். அவருடைய பாதம் அகலம். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரிந்து நிற்கும். சின்ன வயதில் அவர் தரையில் கிடந்த பென்சிலைக் கால் விரலால் கவ்வி எடுத்து என் கையில் கொடுப்பார். எனக்கு அது வித்தை மாதிரி இருக்கும்.

அம்மா போன பிறகு வைட்டிலாவில் என் பிளாட்டுக்கு வந்தார். வந்த இடத்திலும் கால் சும்மா இருக்கவில்லை. விடிந்ததும் பொன்னுருந்நிச் சந்துகள் வழியே ஒரு சுற்று. பிறகு 2011இல் திறந்த மொபிலிட்டி ஹப்புக்குப் போய், தமிழ்நாட்டு பஸ்கள் நிற்கும் இடத்தில் பலகைகளைப் படித்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருவார். 2021 ஜனவரியில் மேம்பாலம் திறந்த பிறகும் கீழே ஜங்ஷனைக் கடப்பது நடப்பவனுக்கு லேசுப்பட்ட காரியம் இல்லை. அவர் கடந்தார். 2023 ஏப்ரலில் வைட்டிலாவிலிருந்து காக்கநாட்டுக்கு வாட்டர் மெட்ரோ ஓடத் தொடங்கியதும் அதில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, “என்னலே போட்டு இது? மேடையும் போட்டும் ஒரே மட்டத்துல மிதக்கு. ஏறுதவனுக்கு வேலையே இல்ல” என்று குறைப்பட்டுக்கொண்டார். அப்படிப்பட்ட மனிதர் மழைக்காலத்தில் காய்ச்சலோடு காஷுவாலிட்டிக்கு ஆட்டோவில் போனபோதும், ஆட்டோவிலிருந்து தானே இறங்கித்தான் உள்ளே நடந்தார். அதை நான் பார்த்தேன். அவர் துணையில்லாமல் நடந்து நான் பார்த்த கடைசி நடை அது.

ஆரம்பத்தில் அவரைப் படுக்க வைத்ததில் தப்பில்லை. மூக்கில் ஆக்ஸிஜன், கையில் டிரிப், கீழே யூரின் டியூப். விழும் ஆபத்து உள்ளவர் என்பதற்காக மணிக்கட்டில் ஒரு மஞ்சள் பட்டை. அந்த நிலையில் யாரும் நடக்க முடியாது. ஆனால் மருந்து வேலை செய்து காய்ச்சல் இறங்கியது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், “இனி நாற்காலியில் உட்கார வையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக நடத்துங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். சிஸ்டர் டியூபை எடுக்க வந்தார். நான்தான் தடுத்தேன். “ராத்திரி அடிக்கடி எழுந்திருப்பார், விழுந்துவிடப் போகிறார். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டேன். அவர் தயங்கினார். ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டேன். வார்டில் ஆள் குறைவு, அவருக்கும் ஆயிரம் வேலை. சரி என்று போய்விட்டார். அடுத்த நாளும் இதே கதை. கடைசியில் டாக்டரே சத்தம் போட்டு டியூபை எடுக்கச் சொன்னபோது, கீழே மருந்துக்கடைக்குப் போய் டயப்பர் பாக்கெட் வாங்கி வந்துவிட்டேன்.

விழுந்துவிடுவார் என்ற பயம் பொய் இல்லை. ஆனால் அது பாதி உண்மைதான். மீதியைச் சொல்கிறேன். கேரளத்து ஆஸ்பத்திரிகளில் கூட இருப்பவனுக்கு பைஸ்டாண்டர் என்று பெயர். அவனுக்குக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் போடும் ஒரு குட்டிக் கட்டில். அதில் படுத்து எனக்குத் தூக்கம் வர நடுராத்திரி ஆகும். வந்த தூக்கம் கலையக்கூடாது என்று நினைத்தேன். பகலில் ஆபீஸ் மீட்டிங். லீவு சொன்னால் சொல்லலாம், சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்தும் வேலை பார்க்கிறான் என்று பேர் வாங்க ஆசை. படுத்திருக்கும் நோயாளிக்கு வேலை குறைவு. நடக்கிற நோயாளிக்கு ஆள் கூடவே நிற்க வேண்டும், டிரிப் ஸ்டாண்டைத் தள்ள வேண்டும், பாத்ரூம் வாசலில் காத்திருக்க வேண்டும், லேப்டாப்பை மூட வேண்டும்.

பிசியோதெரபிக்காரப் பெண் தினமும் வந்தாள். சிறிய பெண், திருச்சூர்ப் பேச்சு. “சேட்டா, அச்சனை ஒண்ணு நடத்தட்டே?” என்று கதவருகே நின்று கேட்பாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இப்போதுதான் தூங்கினார், பிறகு வா என்று கையைக் காட்டுவேன். அப்பா தூங்கியிருக்க மாட்டார். கண்ணை மூடிக் கிடப்பார், அவ்வளவுதான். ஒரு நாள் அவள் போனதும் கண்ணைத் திறந்து, “ஏலே, கொஞ்சம் எறக்கிவிடுலே. கால் மரத்துப் போச்சு” என்றார். “சும்மா படுங்கப்பா. விழுந்து கிழுந்து வச்சா யாரு பாக்கது?” என்று சொல்லிவிட்டு, கட்டிலின் இரண்டு பக்கக் கம்பியையும் நானே தூக்கி மாட்டினேன். மாட்டும்போது டக் என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

தென்காசியிலிருந்து அத்தை போன் பண்ணினாள். “அப்பனைத் தரையில கால் பாவாம பாத்துக்கிடுதியாமே, இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை செய்வான்?” என்றாள். அந்தப் பாராட்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன். கால் பாவாமல் பார்த்ததுதான் பிரச்சினை என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். அதை அத்தையிடம் சொல்லவில்லை.

படுக்கை ஒரு வயசாளியை என்ன செய்யும் என்று பிறகுதான் படித்தேன். படித்திருக்கவே வேண்டாம் என்று தோன்றும் அளவுக்குத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். 2007இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஓர் ஆய்வு: எந்த நோயும் இல்லாத, சராசரி 67 வயதுள்ள சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை கரைந்துபோனது. இவர்கள் ஆரோக்கியமானவர்கள், வேளைக்குச் சாப்பிட்டவர்கள். காய்ச்சலில் அரைக்கஞ்சி குடித்துக்கொண்டு கிடப்பவருக்கு எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கரைவதிலும் பாரபட்சம் உண்டு. பூமியின் இழுப்புக்கு எதிராக நம்மை நிறுத்தி வைக்கும் சதைகள்தான் முதலில் இளைக்கின்றன: தொடையின் முன்புறம், கெண்டைக்கால், பிருஷ்டம், பாதத்துக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தசைகள். கைகள் போர்வையை இழுக்கவும் டம்ளரைப் பிடிக்கவும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. கால்களுக்கு வேலையே இல்லை. விண்வெளி வீரர்களுக்கும் இதேதான் நடக்கிறது. அதனால்தான் அவர்கள் மேலே தினமும் இரண்டு மணி நேரம் அளவுக்கு உடற்பயிற்சி செய்கிறார்கள். எடையற்ற நிலை உடம்பை என்ன செய்யும் என்று தரையிலேயே சோதிக்க விரும்பும் விஞ்ஞானிகள், ஆட்களைத் தலைமாட்டைச் சற்றுத் தாழ்த்திய கட்டிலில் வாரக்கணக்கில் படுக்க வைக்கிறார்கள். அந்த வேலையை நான் ஒரு தனியறையில், ரூம் வாடகையும் கட்டி, சொந்த அப்பாவை வைத்துச் செய்திருக்கிறேன்.

சதை மட்டும் இல்லை. நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கீழே இறங்கும். உடனே ரத்தக்குழாய்கள் இறுகி, இதயம் கொஞ்சம் வேகமெடுத்து, மூளைக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். கெண்டைக்கால் சதை அழுத்தி ரத்தத்தை மேலே தள்ளும். படுத்தே கிடப்பவருக்கு இந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. எழுந்ததும் கண் இருட்டும். அப்பாவுக்கு இருட்டியது. ஆஸ்பத்திரியில் கடைசியாக ஒரு நாள் அந்தப் பிசியோதெரபிப் பெண் என்னைக் கேட்காமலேயே அவரை எழுப்பி நிறுத்தினாள். அரை நிமிஷத்தில் முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டார். “பாத்தியாம்மா, நான்தான் சொன்னேனே” என்றேன். படுக்க வைத்ததால் வந்த தலைச்சுற்றலையே, படுக்க வைப்பதற்குக் காரணமாகக் காட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தும் இல்லை. லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 1947லேயே, படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகள் என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதிவிட்டார். 2009இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 45 முன்னாள் படைவீரர்களின் காலில் கருவி கட்டி அளந்தார்கள். சேருவதற்கு முன்பு நடமாடிக்கொண்டிருந்தவர்கள். உள்ளே வந்த பிறகு நேரத்தில் 83 சதவீதம் படுத்தே கழிந்தது. ஒரு நாளில் நின்றதும் நடந்ததும் சேர்ந்து பாதிப் பேருக்கு 43 நிமிஷத்தைத் தாண்டவில்லை. என் அப்பாவுக்கு அந்த 43 நிமிஷம் கிடைத்திருந்தால்கூட நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

டிஸ்சார்ஜ் ஆனபோது வீல்சேரில் காருக்கு வந்தார். ஆஸ்பத்திரி வழக்கம் என்று நினைத்தேன். வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தவர் மறுநாள் காலை எழ முயன்றார், எழ முடியவில்லை. இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றி, உந்தி, பாதி எழுந்து, மறுபடி தொம்மென்று விழுந்தார். அவருக்கே ஆச்சரியம். தன் முழங்காலைக் குனிந்து பார்த்தார். பிறகு பாத்ரூம் வாசலில் ஒரு முறை சரிந்தார். எலும்பு முறியவில்லை. அது அவருடைய அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வரும் பிசியோவைப் பிடித்தேன். பாலக்காட்டுப் பையன், நன்றாகத் தமிழ் பேசுவான். வந்ததும் காலுறையைக் கழற்றச் சொன்னான். ஆஸ்பத்திரியில் குளிரும் என்று நான் மாட்டிவிட்டது, அப்படியே இருந்தது. கழற்றியதும்தான் அப்பாவின் பாதத்தை நானும் பார்த்தேன். குதிகாலின் பின்பக்கம் மெத்தையில் உரசி உரசிச் சிவந்திருந்தது. நகம் வளர்ந்து வளைந்து பக்கத்து விரலைக் குத்திக்கொண்டிருந்தது. கணுக்கால் கீழ்நோக்கிச் சாய்ந்தபடியே விறைத்திருந்தது. அத்தனை நாள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவன் நான். அந்தப் பாதத்தை ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை.

பையன் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, பாதம் தரையில் படியும்படி வைத்து, தன் பர்ஸிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்தான். அதைப் பெருவிரலுக்கு அடியில் செருகி, “அழுத்திப் பிடிச்சுக்கோங்கய்யா, நான் இழுப்பேன், விடாதீங்க” என்றான். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. பல்லைக் கடித்தார். பையன் இரண்டு விரலால் மெல்ல இழுத்தான். மேஜையில் கிடக்கும் காகிதத்தை எடுப்பது போலக் கார்டு வந்துவிட்டது. இடது காலிலும் அப்படியே. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலைக் கவ்விய விரல் அது என்று அந்தப் பையனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் காகிதச் சோதனை தொழுநோயாளிகளுக்காக உருவானது. பாதத்தின் சின்னத் தசைகள் செயலிழந்துவிட்டனவா என்று கருவி எதுவும் இல்லாமல் கண்டுபிடிப்பதற்காக வந்த உத்தி, பிறகு முதியவர்களுக்கும் பயன்பட்டது. ஆஸ்திரேலியாவில் ஹில்டன் மென்ஸ் என்பவரும் சகாக்களும் ஓய்வுக் குடியிருப்பில் வாழ்ந்த 176 முதியவர்களின் பாதங்களைச் சோதித்து, ஒரு வருடம் யார் யார் விழுகிறார்கள் என்று கவனித்து, 2006இல் எழுதினார்கள். விரல் பிடிமானம் குறைந்தவர்கள், பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்கள், கணுக்கால் விறைத்தவர்கள்தான் அதிகம் விழுந்தவர்கள். உடம்பு முன்னால் சாயும்போது கடைசியாகத் தடுத்து நிறுத்துவது கால் விரல்கள்தான். கண்ணும் உள்காதும் எவ்வளவு சரியாக இருந்தாலும், தரையை உணர்வது உள்ளங்காலின் வேலை.

பாதத்தைப் பற்றி நம் பக்கத்தில் யோசித்த அளவுக்கு உலகத்தில் வேறெங்கும் யோசித்திருப்பார்களா என்பது சந்தேகம். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கையையும் காலையும் மீட்பதற்கே வாழ்க்கையைக் கொடுத்தார். இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகள் போடும் எம்.சி.ஆர். செருப்புக்கு முன்னோடி வேலை அங்கே நடந்ததுதான். அவரிடம் அறுவை சிகிச்சை கற்ற மேரி வர்கீஸ் 1925இல் இதே கொச்சியில் பிறந்தவர். 1954இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, வீல்சேரில் உட்கார்ந்தபடியே அறுவை செய்தார். பிறகு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டி எழுப்பினார். 1972இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எழவே முடியாத ஒருவர் மற்றவர்களை எழுப்புவதற்கு உழைத்த கதையைக் கல்லூரி நாளிலேயே படித்து உருகியவன்தான் நான். உருகியதோடு சரி.

பையன் வேறு இரண்டு சோதனைகளும் செய்தான். ஒரு காலின் குதியை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து, ஒரே கோட்டில் பத்து விநாடி நிற்கச் சொன்னான். கையை விட்டதும் அப்பா பக்கவாட்டில் சாய்ந்தார். இரண்டு விநாடி கூடத் தாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தரம் எழுந்து உட்காரச் சொன்னான். ஒரு தரம்கூட வரவில்லை. ஹாலில் நான்கு மீட்டருக்குக் கோடு போட்டு, கைத்தாங்கலாக நடக்க வைத்து நேரம் பார்த்தான். பத்து விநாடி. பொதுவாக விநாடிக்கு 0.8 மீட்டருக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும் என்பார்கள். இவர் அதில் பாதி. சிக்னலில் பச்சை விளக்குக்கு நேரம் ஒதுக்குபவர்கள் மனிதன் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்றுதான் வழக்கமாகக் கணக்கு வைக்கிறார்கள். வைட்டிலா ஜங்ஷன் என் அப்பாவுக்கு முடிந்துபோனது என்பதை அந்த ஹாலில் நின்று நான் புரிந்துகொண்டேன்.

வயது ஒரு காரணம் இல்லையா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் ஆறுதல் தேடினேன். ஸ்பெயினில் பாம்ப்லோனா நகரத்து ஆஸ்பத்திரியில் நடந்த ஓர் ஆய்வு அந்த ஆறுதலையும் பறித்துவிட்டது. 370 உள்நோயாளிகள், சராசரி வயது 87. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு தினமும் நடை, எழுந்து உட்காருதல், சமநிலைப் பயிற்சி, கொஞ்சம் எடை. பெரும்பாலோருக்குக் கிடைத்தது ஐந்து நாள் பயிற்சிதான். வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் வந்ததைவிட மோசமாகி வீட்டுக்குப் போனார்கள். பயிற்சி செய்தவர்கள் கொஞ்சம் தேறியே போனார்கள். 2019இல் வெளியானது. எண்பத்தேழு வயதில் முடிந்தது, மிளகுக் கிடங்கில் வெறுங்காலோடு நடந்த எழுபத்தெட்டு வயதுக்காரருக்கு முடியாமல் போயிருக்காது.

நான் அத்தோடு திருந்திவிட்டேன் என்று நினைத்தால் அதுவும் இல்லை. வீட்டில் வைத்தும் அதையே செய்தேன், கொஞ்சம் நாகரிகமாக. மெத்து மெத்தென்று விலை கூடிய செருப்பு வாங்கிக் கொடுத்தேன். குதிகாலில் பட்டை இல்லாத, தடித்த நுரை அடிப்பாகம் உள்ளது. அதைப் போட்டு அவர் தரையைத் தேடித் தேடிக் கால் வைப்பதைப் பார்த்த பையன் அதை ஓரமாகத் தூக்கிப் போடச் சொன்னான். தெருவில் போட்டுப் போட்டுத் தேய்ந்து காலின் அச்சு விழுந்த அவருடைய பழைய வார்ச்செருப்பை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே நான் குப்பையில் போட்டிருந்தேன். வாக்கரை மணிக்கட்டு உயரத்துக்கு வைக்கத் தெரியாமல் நெஞ்சு உயரத்துக்கு வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, தலைமாட்டில் ஓர் அழைப்பு மணியை வைத்து, “என்னைக் கூப்பிடாம எழுந்திரிக்கவே கூடாது” என்று உத்தரவு போட்டேன்.

சில வாரம் கழித்து அவர் நாக்கு வறண்டு, சிறுநீர் மஞ்சளாகப் போவதை வேலைக்கு வரும் அம்மா கவனித்துச் சொன்னார். சாயங்காலத்துக்கு மேல் அப்பா தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறார். ராத்திரி மணி அடித்தால் நான் எழுந்து வருவேன். வரும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பயந்து தாகத்தோடு படுத்திருக்கிறார். ஒரு முதியவர் இப்படித் தண்ணீரைக் குறைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி, எழும்போது விழுவதற்கே அது வழி. என் எரிச்சலுக்கும் அவருடைய சறுக்கலுக்கும் நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர்தான் தூரம்.

ஒரு நாள் அவரிடமே சொன்னேன். டியூபை நான்தான் எடுக்கவிடவில்லை, தூக்கத்துக்காகத்தான் என்று. தினத்தந்தியை மடித்து வைத்துவிட்டு, “எனக்குத் தெரியும்லே. நான் முழிச்சுத்தானே கெடந்தேன்” என்றார். பிறகு பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். மன்னித்தாரா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மன்னித்தேன் என்றுதான் சொல்லியிருப்பார்; அந்த வசதியையும் நானே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தோன்றியது.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கேரளத்தில் 12.6 சதவீதம் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள், தமிழ்நாட்டில் 10.4. இந்தியாவிலேயே முதலில் முதியோருக்கென்று தனி வெளிநோயாளிப் பிரிவை 1978இல் சென்னை அரசுப் பொதுமருத்துவமனையில் தொடங்கிய வி.எஸ். நடராஜன் காலத்திலிருந்து முதியோர் கவனிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு, இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். கேட்டால் கிடைக்கும் உதவிகள் முன்பைவிட அதிகம். ஆனால் வார்டுக்குள், இரவு பதினொரு மணிக்கு, கம்பியைத் தூக்குவதா இறக்குவதா என்று தீர்மானிப்பவர் கூட இருக்கும் மகனோ மகளோதான்.

அப்பா இப்போது வாக்கரோடு பிளாட் வராந்தாவின் மறுகோடி வரை போய்த் திரும்புகிறார். விசிட்டிங் கார்டை வலது விரல் கொஞ்சம் பிடிக்கிறது, இடது இன்னும் விட்டுவிடுகிறது. ஹப்புக்கு நடந்து போனதில்லை. இனிப் போவார் என்று பையனும் உறுதி சொல்லவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது இப்போது ஆஸ்பத்திரியில் இருந்தால், நாளைக் காலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். கட்டிலை விட்டு இறக்கலாமா? யூரின் டியூபை எப்போது எடுப்பீர்கள்? பிசியோ எப்போது வருவார்? எலும்பு முறிவோ, ரத்த அழுத்தமோ, வேறு காரணமோ சொல்லி அவர் வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். இறக்கலாம் என்றால், வீட்டிலிருந்து அவருடைய பழைய செருப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள். முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிஷம் உட்காரட்டும். தலை சுற்றவில்லை என்றால் எழுந்து நிற்கட்டும். சாப்பாட்டை நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். பாத்ரூமுக்கு நடந்து போகட்டும், ராத்திரியிலும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஆபீசுக்கு லீவு சொல்லிவிடுங்கள்.